அட்டை கொடுத்தாயிற்று, விளக்கம் எங்கே?

ரத்தப் பரிசோதனை முகாமில் குழந்தைக்கு 'சிக்கிள் செல் ட்ரெய்ட்' என்று எழுதிய அட்டையைக் கொடுக்கிறார்கள். அதை வாங்கி வரும் தாய்க்குப் புரிவது ஒன்றுதான்: பிள்ளைக்கு ஏதோ வியாதி. அந்த இடத்தில்தான் நமக்குக் கவலை.

சிக்கிள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைப் பிரதமர் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தில் தொடங்கி வைத்தார். 17 மாநிலங்களில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. தமிழகமும் அதில் உண்டு. இந்தியாவில் இந்தக் குறைபாடு 1952-ல் முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். எழுபது ஆண்டு கழித்தாவது வந்தார்களே என்று வரவேற்போம். ஆனால் ஊசி குத்துவது பாதி வேலைதான்.

ட்ரெய்ட் என்றால் நோய் அல்ல. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருக்கிறது. குழந்தை மற்றவர்களைப் போல ஓடியாடும், படிக்கும். பொதுவாக மருந்து தேவையில்லை. பின்னாளில் இது நோயாக மாறுவதும் இல்லை. இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய்: தாங்க முடியாத எலும்பு வலி, ரத்தசோகை, அடிக்கடி காய்ச்சல். கணவன், மனைவி இருவருக்கும் ட்ரெய்ட் இருந்தால் ஒவ்வொரு பேறிலும் நோய்க்கு நாலில் ஒரு வாய்ப்பு. 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்' என்று கணக்குப் போடக் கூடாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே முடிக்கும் குடும்பங்களில் இருவருக்கும் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே பிள்ளைக்கு ட்ரெய்ட் என்றால் அப்பா, அம்மா இருவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம். ஊர்ப் பேச்சு மட்டும் எப்போதும் தாயின் பக்கமே போகிறது!

இன்னொரு பேச்சு, இது 'அவர்கள் சாதி நோய்' என்பது. மகாராஷ்டிரத்தின் விதர்பாவில், அம்பேத்கர் பிறந்த மஹர் சமூகத்திலும் இது பரவலாக உண்டு. கிரேக்கத்திலும் அரபு நாடுகளிலும் உண்டு. மலேரியா கொன்று குவித்த இடங்களில் ட்ரெய்ட் உள்ள குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள். அதனால் தலைமுறைகளாக நிலைத்தது. இதில் சாபமும் இல்லை, இழிவும் இல்லை.

இதையெல்லாம் பனியர், காட்டுநாயக்கர் குடியிருப்பில் அவர்கள் மொழியிலேயே உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே செவிலியராக இருக்கிறார்கள். அரசு முகாம்களுக்கும் அப்படிப்பட்டவர்களை அழைத்துப் போவதில் என்ன தடை?

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முகாமில் செய்யும் கரைதிறன் சோதனை ட்ரெய்ட்டையும் நோயையும் பிரித்துச் சொல்லாது. 'எச்.பி.எல்.சி. சோதனை செய்தீர்களா?' என்று கேளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் நோய் உள்ளவர்களுக்கு இடமுண்டு, ட்ரெய்ட்டுக்கு இல்லை.

திருமணப் பேச்சில் பெண்ணின் அட்டையைக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டார், பையனின் அட்டையையும் எடுத்து வைக்கட்டும். பெண்ணுக்கு ட்ரெய்ட் இருந்து, பையனுக்கு அதுவோ தலசீமியா போன்ற வேறு ஹீமோகுளோபின் குறையோ இல்லாவிட்டால், பிறக்கும் குழந்தைக்கு இந்த நோய் வராது.