விவாதத்துக்கே வராத மசோதா

1989இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்குத் தேர்தல் நடந்தபோது, ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் வாக்காளர்கள் லெனின்கிராதிலிருந்து வந்த ஒரு ரஷ்யப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். கலீனா ஸ்தரவோய்தவா என்னும் அந்த இனவரைவியலாளருக்கு அங்கே உற்றார் உறவினர் இல்லை. அஜர்பைஜான் ஆளுகையிலிருந்து பிரிய வேண்டும் என்று நகோர்னோ-கராபாக் ஆர்மீனியர்கள் 1988இல் கிளர்ந்தபோது மாஸ்கோ முகம் சுளித்தது. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அதற்காக விழுந்த வாக்குகள் அவை.

காக்கசஸ் மலைக் கிராமங்களில் களஆய்வு செய்தவர். நகரங்களில் வாழும் சிறுபான்மை இனங்களைப் பற்றி நூல் எழுதியவர். பேரவையில் அறிவியலாளர் சாகரவ் இருந்த சீர்திருத்த அணியில் சேர்ந்தார். பிறகு அதிபர் யெல்த்சினுக்கு இன விவகார ஆலோசகரானார். 1992 நவம்பரில் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

அடுத்த மாதமே அவர் கொண்டுவந்த மசோதாதான் அவர் அரசியல் வாழ்வின் மையம் என்பேன். கம்யூனிஸ்ட் கட்சியின் நிர்வாகிகளும் கேஜிபி உளவுத்துறையில் பணியாற்றியவர்களும் குறிப்பிட்ட காலத்துக்கு அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்றது அது. செக்கோஸ்லோவாக்கியா 1991இலேயே அப்படிச் சட்டம் இயற்றியிருந்தது. ஜெர்மனியில் கிழக்குப் பகுதியின் உளவுக் கோப்புகள் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டிருந்தன. ரஷ்யாவிலோ மசோதா விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. மீண்டும் முயன்றார், பலிக்கவில்லை. பழிவாங்கும் சட்டம் என்றார்கள் எதிர்த்தவர்கள். அந்த அச்சத்தில் கொஞ்சம் உண்மை உண்டு: கட்சி உறுப்பினர் அட்டை இல்லாமல் வேலையில் உயர முடியாத நாட்டில் குற்றவாளியையும் ஊழியரையும் பிரிப்பது எளிதல்ல. ஆனால் அதை அவையில் பேசித் தீர்த்திருக்கலாமே! பேசவே மறுத்ததன் பலன், உளவுத்துறை யாருக்கும் கணக்குச் சொல்லாமல் புதிய பெயர்களில் தொடர்ந்தது. ரஷ்ய நாடாளுமன்றத்திடமிருந்து 2000க்குப் பிறகு அதிகாரம் பறிக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். தன் கையில் அதிகாரம் இருந்த நாளிலேயே அது அதைப் பயன்படுத்தத் தயங்கியது என்பதே என் எண்ணம்.

செச்சன்யப் போரைக் கடுமையாக எதிர்த்த ஸ்தரவோய்தவா, 1995 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீழவையான துமாவுக்குத் தேர்வானார். 1996 அதிபர் தேர்தலில் நிற்க முயன்றார். அவரது பதிவு ஏற்கப்படவில்லை.

1998இல் கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஜெனரல் மகாஷோவ் யூதர்களுக்கு எதிராகப் பொதுமேடையில் வெறுப்பைக் கக்கினார். அவரைக் கண்டிக்கும் தீர்மானத்தை நவம்பரில் துமா தோற்கடித்தது. ஸ்தரவோய்தவா அதைப் பொறுக்காமல் குரல் எழுப்பினார். ஆர்மீனியர், செச்சன்யர், யூதர் என்று தன் இனம் அல்லாதவர்களுக்காக நிற்பதை அவர் ஒருபோதும் சலுகையாகக் கருதவில்லை. மக்கள் பிரதிநிதியின் வேலையாகவே கருதினார். அந்த அவையில் அப்படி நினைத்தவர்கள் மிகக் குறைவு.

அதே மாதம் 20ஆம் தேதி இரவு, கிரிபயேதவ் கால்வாய்க் கரையிலிருந்த தன் குடியிருப்பின் படிக்கட்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 52. உடன் வந்த உதவியாளர் படுகாயத்துடன் உயிர் தப்பினார். 2005இல் கொலையில் ஈடுபட்ட இருவருக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. கொலைக்கு ஏற்பாடு செய்தவர் என்று 2015இல் 17 ஆண்டு சிறைத்தண்டனை பெற்ற மிகயீல் குளுஷ்சென்கோ, தேசியவாதத் தலைவர் ஷிரினோவ்ஸ்கியின் கட்சி சார்பில், ஸ்தரவோய்தவா இருந்த அதே துமாவில் உறுப்பினராக இருந்தவர்.