போர்மட் செய்ய முன்

ஓலைத்தொடுவாயில் ஓர் அக்காவின் வீட்டுக் கணினி திறக்கவே கால் மணித்தியாலம் எடுத்தது. போர்மட் செய்தால் சரியாகும் என்று கடையில் சொன்னார்களாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படங்கள் அதற்குள்தான் இருந்தன. போர்மட் செய்தால் அவையும் போய்விடும்.

ஆகவே முதலில் படங்களை இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து, திறந்தும் பார்த்தோம். பின்னர் மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைக் கழற்றி, விசிறியில் படிந்திருந்த மணலையும் தூசியையும் தூரிகையால் தட்டினோம். சூடேறினாலும் கணினி மந்தமாகும். அடுத்து கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையற்ற செயலிகளை 'டிசேபிள்' செய்தோம். 'டிஸ்க் கிளீனப்' மூலம் தற்காலிகக் கோப்புகளை அழித்தோம். சகோதரிகளே, அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றிருந்தால் அடையாளமிடாதீர்கள்; எங்களில் பலரின் படங்கள் அங்கேதான் கிடக்கும்.

இப்போது இரண்டு நிமிடத்தில் திறக்கிறது. ஒரு பென் டிரைவ் அக்காவின் அலுமாரியில். மற்றதைத் தங்கையிடம் கொடுத்திருக்கிறார்.