பௌர்ணமிக்குத் திருவக்கரை, விடுமுறைக்கு வியட்நாம்



இந்த இதழில் முன்பு வந்த சிங்கப்பூர்ப் பயணக் கட்டுரையைப் படித்துவிட்டுத் திருவக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "அங்க ரெண்டு நாள் ஓட்டல் வாடகைக்கு நாங்க ஒரு மாச மளிகையே வாங்கிடுவோம். கையைக் கடிக்காத வெளிநாடு ஒண்ணு இருந்தா சொல்லுங்க ஐயா."

நியாயமான கேள்வி. யோசிக்காமல் சொல்வேன்: வியட்நாம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய 300 டாங் கிடைக்கும். முதல் நாள் கையில் ஐந்து லட்சம் டாங் நோட்டைப் பிடிக்கும்போது ஜமீன்தார் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் ஆயிரத்தறுநூறு, ஆயிரத்தெழுநூறு ரூபாய்தான். ஒரு கிண்ணம் ஃபோ, அதாவது அவர்களுடைய நூடுல்ஸ் சூப், இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆடம்பரம் இல்லாத, சுத்தமான அறை ஆயிரத்தைந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கும்.

ஆனால் நான் வியட்நாமைச் சொல்வதற்குக் காசு மட்டும் காரணமில்லை. திருவக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் மண்ணாடிப்பட்டும் திருக்கனூரும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர்கள். அதே பிரெஞ்சுக்காரர்கள் 1859ல் சைகோனைப் பிடித்தார்கள். ஆட்சி நடத்த, பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் வேண்டும். புதுச்சேரியில் இருந்தார்கள். 1881ல் வந்த சட்டப்படி, குடும்ப வழக்கச் சட்டங்களை விட்டுக்கொடுத்து ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டால் பிரெஞ்சுக் குடிமகன் ஆகலாம். அப்படி ஆனவர்களில் பலர் கப்பலேறி, காவல் துறையிலும் வரி அலுவலகங்களிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார் கொடுக்கல் வாங்கல் தொழிலோடு போனார்கள், தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடையோடு. 1975ல் சைகோன் விழுந்த பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். இன்றும் புதுச்சேரியில் சில வீடுகளில் விருந்து என்றால் சாயோ பொரிப்பார்கள். சைகோனிலிருந்து வந்த பலகாரம் அது.

ஆகவே பயணத்தைச் சைகோனில் தொடங்குங்கள். இப்போது அது ஹோ சி மின் நகரம்; ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், துருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழர்கள் எழுப்பியது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், ஆனால் கோயில் கைவிடப்படவில்லை. வியட்நாமியரும் சீனரும் மாரியம்மனைத் தங்கள் அம்மனாக எடுத்துக்கொண்டார்கள். ஊதுபத்திக் கட்டோடு வருகிறார்கள். சந்நிதிக்குப் பின்புறக் கல்சுவரில் நெற்றியை வைத்து, கண்ணை மூடி, வேண்டுதலைச் சுவரிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் இந்த வழக்கத்தை நான் பார்த்ததில்லை. திருவக்கரை வக்கிரகாளியம்மன் முன்னால் எலுமிச்சை விளக்கோடு நிற்கும் பெண்களின் முகமும் இந்தப் பெண்களின் முகமும் ஒன்றுதான். பக்கத்திலேயே நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயிலும், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் கட்டிய பள்ளிவாசலும் உண்டு. ஒரு முற்பகலில் நடந்தே மூன்றையும் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து நடு வியட்நாமுக்குப் போங்கள். தா நாங்கில் இறங்கி, ஹோய் ஆன் ஊரில் தங்கலாம். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் மீ சன் கோயில்கள். அந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கட்டிய இடம். மன்னன் பத்ரவர்மன் வைத்த இறைவனுக்குப் பத்ரேஸ்வரர் என்று பெயர். ஏறக்குறைய எல்லாம் செங்கல். செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக்குவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த சோழ அரசி செம்பியன் மாதேவியின் கை, திருவக்கரை சந்திரமௌலீஸ்வரர் கோயிலிலும் பட்டது. அப்படி ஓர் அரசியின் கை படாமல், செங்கல்லாகவே நின்றுவிட்ட சிவன் கோயில்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் மீ சன் போக வேண்டும்.

காலம் அழித்ததைவிட அங்கே குண்டு அழித்தது அதிகம். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் இருப்பதிலேயே பெரிய கோபுரம் தரைமட்டமாயிற்று. பள்ளங்கள் இன்னும் புல் முளைத்துக் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் அங்கே சீரமைப்பு வேலை செய்தது. 2020ல் மண்ணுக்கடியிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்று முழுசாக வெளிப்பட்டது. கிடைத்த சிற்பங்களில் நல்லவை தா நாங்கில் உள்ள, சம்பா சிற்பங்களுக்கான சாம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதலில் அருங்காட்சியகம், பிறகு மீ சன் என்று போனால்தான் காலியாக நிற்கும் மேடைகளில் என்ன இருந்தது என்பது புரியும்.

ஹோய் ஆனுக்குத் தேதி பார்த்துப் போங்கள். ஒவ்வொரு சந்திர மாதத்திலும் பதினான்காம் நாள் இரவு, அதாவது பௌர்ணமியை ஒட்டி, பழைய நகரில் மின்விளக்கை அணைத்துவிட்டுக் காகித, பட்டு விளக்குகளை ஏற்றுகிறார்கள். திருவக்கரையில் பௌர்ணமி நள்ளிரவு ஜோதி தரிசனத்துக்குப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போய்ப் பழகிய நமக்கு அந்தக் கூட்டம் பெரிதாகத் தெரியாது. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அந்த நாட்களே சௌகரியம். அமாவாசையை ஒட்டி வரும் சந்திர மாத முதல் நாளிலும் பௌர்ணமியன்றும் பௌத்தர்கள் பலர் புலால் தொட மாட்டார்கள். 'சாய்', அதாவது சைவம், என்று பலகை வைத்த கடைகள் நிறைந்திருக்கும். மற்ற நாட்களில் காய்கறி வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பர் மட்டும் வேண்டாம். நம் ஊரைப்போலவே அங்கும் அப்போது மழை, வெள்ளம்.

தா நாங் பக்கம் மலைமேல் இரண்டு பிரமாண்டக் கைகள் தாங்கும் தங்கப் பாலம் ஒன்று இருக்கிறது. முகநூலில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2018ல் திறந்தது. நுழைவுக் கட்டணமே சுமார் மூவாயிரம் ரூபாய். என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு ஹுவே நகரிலிருந்து தா நாங்குக்கு ரயிலேறி, கடலும் மலையும் உரசும் ஹாய் வான் கணவாயைச் சன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். மிச்சப் பணத்தில் வீட்டுக்கெல்லாம் காப்பிப்பொடியும் வாங்கி வரலாம். பிள்ளைகள் அடம்பிடித்தால் அது உங்கள் பாடு.

ஹனோய், ஹாலாங் விரிகுடா? அழகுதான். ஆனால் ஒரு வாரத்தில் தெற்கு, நடு, வடக்கு மூன்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டால் பார்த்தது விமான நிலையங்களாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் இருப்பவர்கள் போகட்டும்.

விசாவுக்கு ஏஜென்ட் வேண்டாம். வியட்நாம் அரசின் இணையதளத்திலேயே மின்விசா எடுக்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை அடியுங்கள். நம் இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் பலருக்கும் சிக்கல் வருகிறது.

ஊரை விட்டுப் போவதா என்று தயங்கும் பெரியவர்களுக்கு ஒன்று. திருவக்கரைப் பூங்காவில் கிடக்கின்றனவே, இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள், அவையே அந்த மண்ணில் முளைத்தவை அல்ல. கிளையும் வேரும் இல்லாமல் கிடப்பதைப் பார்த்து, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள்.

இனி உங்களிடம் ஒரு கோரிக்கை. திண்டிவனம், வானூர், புதுச்சேரி வட்டாரத்தில் சைகோன் போய்வந்த தாத்தா, பாட்டி உள்ள குடும்பங்கள் நிறைய. உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலக் கடிதமோ, படமோ, பாட்டி எழுதிவைத்த சமையல் குறிப்போ இருந்தால் நகலெடுத்து அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம். வருபவற்றை வைத்து ஒரு சிறப்பிதழ் போடலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்