பன்னீர் தெளிக்க மட்டுமா சாரணியர்?

ஆசிரியருக்கு,

மாணவிகளின் தலைமைப் பண்பு குறித்த தங்கள் கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். அந்தப் பண்புக்குச் சாரணியர் இயக்கமே சான்று. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பில்லாமலே வந்து நின்ற சிறுமிகளால் பிறந்தது சாரணியர் இயக்கம். 1911இலேயே அது ஜபல்பூருக்கு வந்துவிட்டது.

அரசுப் பள்ளியில் சாரணியர் பொறுப்பாசிரியையாக இருந்தவள் நான். வகுப்பில் வாயே திறக்காத எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முகாமில் அணித் தலைவியானாள். விறகு பொறுக்க யார், கூடாரக் கயிறு கட்ட யார் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். உலை கொதிக்கும் நேரத்தில் மூண்ட சண்டையையும் தானே தீர்த்துவைத்தாள். என்னிடம் புகார் வரவில்லை.

ஆனால் இன்று பல பள்ளிகளில் சாரணியர் என்றால், விழாவுக்கு வரும் விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்கும் சீருடைப் பிள்ளைகள்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் பெற்றோரும் பிள்ளைகளைச் சாரணியர் அணியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள்.

வாரம் ஒரு பாடவேளையைச் சாரணியர் பயிற்சிக்கென ஒதுக்கி, அதில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது எனப் பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். அணித் தலைவி பொறுப்பும் சுழற்சி முறையில் எல்லா மாணவிகளுக்கும் கிடைக்கட்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்