பாட்னா பக்கம், மீனம்பாக்கம் தூரம்

சென்னைக்கும் பாட்னாவுக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,500 கி.மீ. நேரடி விமானம் இரண்டே முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் சுமார் 65 கி.மீ.தான். அங்கே போய்ச் சேரவும் பல நாட்களில் கிட்டத்தட்ட அவ்வளவு நேரமே பிடிக்கிறது.

இங்குள்ள உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் ஏராளம். தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தால், ஒன்றரை நாள் ரயில் பயணத்துக்குப் பொறுக்காமல் கடன் வாங்கியாவது விமான டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. ஷேர் ஆட்டோ பிடித்து ரயில் நிலையம் வர வேண்டும். புறநகர் ரயிலில் சென்ட்ரலுக்கு 48 கி.மீ., ஒன்றரை மணி நேரம். வழியில் எக்ஸ்பிரஸுக்காக நிறுத்திவைத்தால் அதற்கும் மேல். பிறகு மெட்ரோவில் முக்கால் மணி. விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள். திருவள்ளூர்க்காரர்களின் பாடும் இதுதான். அவர்கள் கடக்க வேண்டியது ஆவடி, பூந்தமல்லி நெரிசலை.

விமானத்தில் போகும் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்களின் பயண வசதிக்காகச் செலவழிக்கலாமா என்று கேட்கலாம். ஆனால், பழுதான இயந்திரத்தைப் பார்க்க வரும் பொறியாளரும், அவசரமாக வர வேண்டிய உதிரிபாகமும் இதே வழியில்தான் வந்தாக வேண்டும். வழியில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆலைக்கு நஷ்டக் கணக்கு.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இடம் தேடியபோது திருவள்ளூர் மாவட்டத்தின் பன்னூரும் இறுதிப் பட்டியலில் இருந்தது. 2022இல் காஞ்சிபுரம் மாவட்டப் பரந்தூர் தேர்வானது. பூந்தமல்லியிலிருந்து அங்கே மெட்ரோவை நீட்டத் திட்டம் இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கும் இருக்கிறது. வடக்கிலோ விம்கோ நகரோடு மெட்ரோ நின்றுபோகிறது. அத்திப்பட்டு - கும்மிடிப்பூண்டி இடையே மூன்றாவது, நான்காவது ரயில் பாதைகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கின்றன. இந்த நிலையில் பரந்தூர் வந்தாலும் வடக்கில் இருப்பவர்களுக்கு மீனம்பாக்கத்துக்குப் பதில் இன்னொரு தொலைதூர ஊர், அவ்வளவே.

உடனே செய்யக்கூடியது, வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வழியாகக் கும்மிடிப்பூண்டியிலிருந்தும், பூந்தமல்லி வழியாகத் திருவள்ளூரிலிருந்தும் விமான நிலையத்துக்கு இரவு பகலாக நேரடிப் பேருந்து விடுவது. புதிய ரயில் பாதைகளுக்கு ரயில்வே நிதி ஒதுக்கி, முடிக்கும் தேதியையும் சொல்ல வேண்டும். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை திட்டமிடப்பட்ட சுமார் 133 கி.மீ. சென்னை எல்லைச் சாலையில் தச்சூர் - திருவள்ளூர் - ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளை முடித்து, பரந்தூரோடு இணைக்க வேண்டும்.

பரந்தூரில் முதல் விமானம் இறங்குவதற்குள் இவை அனைத்தும் முடிந்திருக்க வேண்டும். அதற்கான காலக்கெடுவை மாநில அரசும் ரயில்வேயும் இப்போதே மக்கள் முன் வைக்கட்டும்.