டாக் வாங்கப் போகிற தம்பிமாருக்கு

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் லீவில் வருகிற தம்பிமாரின் பெட்டிகளில் இப்போது புதிதாக ஒரு சாமான் வருகிறது. கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. ஒரு பக்கம் ஃபோன் வயர், மறுபக்கம் அம்ப் வயர். டி.ஏ.சி. என்பது பெயர், கதைக்கும்போது டாக். இலங்கைத்துறையிலிருந்து மூதூர், கிண்ணியா வரை பாட்டு செட்டில் பைத்தியம் உள்ளவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் "எந்த டாக் நல்லது?" என்பதுதான் கதை.

நாங்கள் சிலர் கல்வியியற் கல்லூரிக் காலத்திலிருந்து பழகும் ஆசிரியர்கள். எங்களுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

எங்கள் கருத்து இதுதான். ஒழுங்காகச் செய்யப்பட்ட மலிவான டாக்குக்கும் இலட்ச ரூபாய் டாக்குக்கும் இடையில் நம் வீட்டில் காதுக்குக் கேட்கக்கூடிய வித்தியாசம் அநேகமாக இல்லை. கண்ணை மூடி ஒப்பிட்டுப் பார்க்காமல் அதற்காக இலட்சம் கொடுக்காதீர்கள்.

முதலில் டாக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் ஃபோனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். சீ.டி. தரத்தில் ஒரு செக்கனுக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஒன்று. இதைத்தான் 16 பிட் என்கிறார்கள். அந்த எண்களை ஸ்பீக்கருக்குப் புரியும் மின்னலையாக மாற்றுவதுதான் டாக்கின் வேலை. ஃபோனுக்குள், டிவிக்குள், லெப்டொப்புக்குள் எல்லாம் ஏற்கெனவே ஒரு டாக் இருக்கிறது. வெளியே வாங்குவது இன்னொன்று, அவ்வளவுதான்.

விற்பவர்கள் ஒரு படம் காட்டுவார்கள். அழகான வளைந்த அலை ஒன்று, அதன் மேல் படிக்கட்டு மாதிரி வெட்டுவெட்டாக இன்னொரு கோடு. "மலிவு டாக்கில் பாட்டு இப்படி உடைந்து வரும்" என்பார்கள். அந்தப் படம் பிழை. டாக்குக்குள் கடைசியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது படிகளை நீக்கி அலையைப் பழையபடி வளைவாகவே தருகிறது. ஓர் ஒலியின் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் அந்த அலையை முழுதாக மீட்டெடுக்கலாம் என்பதை 1949 இல் குளோட் ஷனன் நிறுவிக் காட்டினார். அதற்கு அடித்தளம் போட்டவர் ஹரி நைக்விஸ்ட், 1928 இல். மனிதக் காதின் எல்லை 20,000 ஹேர்ட்ஸ். அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் அந்த 44,100. சோனியும் பிலிப்ஸும் 1982 இல் சீ.டி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கைப் பார்த்தே செய்தார்கள்.

அடுத்தது டெசிபல் கதை. இந்த டாக்கின் இரைச்சல் 100 டெசிபல் கீழே, அந்த டாக்கின் இரைச்சல் 120 டெசிபல் கீழே என்று விளம்பரம் வரும். எண் உண்மைதான். ஆனால் நம் வீட்டை எண்ணிப் பாருங்கள். மேலே மின்விசிறி சுற்றுகிறது. தெருவில் ஓட்டோ போகிறது. அடுப்படியில் உம்மா தேங்காய் துருவுகிறார். கூரை சீற்றென்றால் மழை நாளில் சொல்லவே வேண்டாம். மின்விசிறி ஓடும் அறையில் 40, 45 டெசிபல் இரைச்சல் சாதாரணம். நீங்கள் நல்ல சத்தமாக 85 டெசிபலில் பாட்டு வைத்தாலும் பாட்டுக்கும் அறை இரைச்சலுக்கும் நடுவே கிடைப்பது 40 டெசிபல் சொச்சம். சீ.டி.யே 96 டெசிபல் தருகிறது. அதற்கும் கீழே இருக்கும் வித்தியாசத்தை மின்விசிறி விழுங்கிவிடும்.

ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு சாதாரண டாக் பாட்டில் சேர்க்கும் பிசகு நூறில் ஒரு பங்கு வீதம் கூட இல்லை. நல்ல ஸ்பீக்கரே பேஸ் ஒலியைச் சத்தமாகப் போடும்போது ஒரு வீதத்துக்கு மேல் பிசகும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்து வைத்தால் வரும் மாற்றம் எந்த டாக்கை மாற்றினாலும் வராது. வெறும் சீமெந்துச் சுவர், டைல்ஸ் நிலம் உள்ள அறையில் ஒரு கம்பளமும் தடித்த திரைச்சீலையும் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

"சேர், எனக்கு வித்தியாசம் கேட்டதே" என்று சிலர் சொல்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டிருக்கும். காரணம் பெரும்பாலும் சத்தத்தின் அளவு. சில டாக் 1 வோல்ட் தருகிறது, சில 2 வோல்ட். இரண்டு மடங்கு வோல்ட் என்றால் 6 டெசிபல் கூடுதல். சத்தம் கொஞ்சம் கூடியிருந்தால் நம் காது அதைச் சத்தம் என்று எடுப்பதில்லை, தெளிவு என்று எடுக்கிறது. கடையில் விலை கூடியதைச் சற்றுச் சத்தமாகப் போட்டுக் காட்டினால் எவருக்கும் அது நல்லதாகத்தான் படும். அதோடு எது விலை கூடியது என்று கண்ணுக்கும் தெரிகிறது.

அதனால் ஒப்பிடுகிற முறையைச் சொல்கிறோம். பெரிய செலவில்லை.

ஒரே பாட்டை இரண்டு டாக்கிலும் ஒரே அம்ப், ஒரே ஸ்பீக்கரில் போடுங்கள். முதலில் 100 ஹேர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயர் பூட்டும் இடத்தில் மல்டிமீட்டரால் ஏ.சி. வோல்ட் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு வருமட்டும் சத்தத்தைச் சரிசெய்யுங்கள். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். இன்னொருவர் ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டி, எது விழுகிறதோ அந்த டாக்கைப் போடட்டும். நீங்கள் எது என்று சொல்ல, அவர் எழுத வேண்டும். இப்படி 16 முறை.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் சராசரியாக 8 சரிவரும். 12 அல்லது அதற்கு மேல் சரியென்றால் உங்கள் காதுக்கு உண்மையில் ஏதோ கேட்கிறது. குருட்டுவாக்கில் அது நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 4 ஐ விடக் குறைவு. எட்டிலும் ஒன்பதிலும் நின்றால் காசைப் பைக்குள் வையுங்கள். எங்கள் நண்பர் வட்டத்தில் இப்படிப் பார்த்தபோது, அதுவரை பெரிதாக வாதாடியவர்கள் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பெரிய அளவிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேயர், மொரான் என்ற இருவர் 2007 இல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவுகளை நேராகவும், நடுவில் சீ.டி. தரத்துக்கு மாற்றித் திரும்ப எடுத்தும் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. பாதிக்குப் பாதி, காசு சுண்டியது போலத்தான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜொஷுவா ரீஸ் 2016 இல் இப்படியான பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நூற்றுக்கு 52 சொச்சம் சரிவருகிறது, பயிற்சி பெற்றவர்களுக்கு அதை விடக் கூடுகிறது என்றார். ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று நாங்கள் அடித்துச் சொல்லமாட்டோம். நூற்றுக்கு இரண்டு கூடுவதற்கு இலட்சம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

சில டாக் உண்மையிலேயே வேறு மாதிரிக் கேட்கும். வடிகட்டியை வேண்டுமென்றே எடுத்துவிட்டுச் செய்கிறவை இருக்கின்றன. அவற்றில் உச்ச ஒலிகள் 3 டெசிபல் அளவு குறையும். குழாய் வால்வு பூட்டியவையும் உண்டு. அந்த மென்மை பிடித்தால் வாங்குங்கள், அது உங்கள் ருசி. ஆனால் அதைத் துல்லியம் என்று பெயர் வைத்து விற்றால் நம்பாதீர்கள்.

டாக் தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. ஃபோனில் ஹெட்ஃபோன் துளை இல்லையென்றால் தேவை. டிவியின் ஒப்டிகல் துளையிலிருந்து பழைய அம்புக்கு எடுக்கத் தேவை. லெப்டொப்பில் கரகரப்பு வந்தால் தேவை. இவற்றுக்கு மலிவானதே போதும். அப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்ற அந்தக் குட்டி வயருக்குள்ளேயே ஒரு டாக் இருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் அது சீ.டி. தரத்தை ஒட்டியே வேலை செய்கிறது என்கிறார்கள். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று 50 ஹேர்ட்ஸ் முனகல் வந்தால் மட்டும் டாக்கைக் குறை சொல்ல முந்தாதீர்கள். அது பெரும்பாலும் எர்த் பிரச்சினை. முதலில் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் பூட்டிப் பாருங்கள், பிறகு எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வீட்டு எர்த்தைக் காட்டுங்கள்.

விலை கூடினால் தரமும் கூடும் என்று எண்ண வேண்டாம். 2020 ஒக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்கா நகரில் ஏ.கே.எம். நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பற்றியது. டாக் சிப்புக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது, விலை ஏறியது. பாட்டின் தரம் அதனால் ஏறவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது நாங்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதே சாமானுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தோம்.

வாப்பாமார் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். மத்திய அலை ரேடியோவில் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் வராது. கரகரப்பு வேறு. ஆனாலும் கே.எஸ். ராஜாவின் குரலுக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலுக்கும் தமிழ்நாடு வரை ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த ருசியை எந்தப் பெட்டியும் தனியாகத் தருவதில்லை.

நாங்கள் இதை எழுத இன்னொரு காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பழைய கசெட்டுகள் கிடக்கின்றன. கடிதம் எழுத நேரமில்லாமல் வாப்பாமார் வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய கசெட், உம்மம்மா தாலாட்டுப் பாடிய கசெட், கலியாண வீட்டுப் பைத். 2004 கடலிலும் 2006 இடம்பெயர்விலும் போனவை போக மிச்சமிருப்பவை இவைதான். தமிழ் வீடுகளிலும் இதே நிலைதான். நம் கடற்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது. இன்னும் கொஞ்சக் காலம் போனால் எந்த டாக்காலும் அந்தக் குரலைத் திரும்பக் கொண்டுவர முடியாது, மாற்றுவதற்கு எண்களே இருக்காது.

அந்த வேலை டாக்குக்கு எதிர்ப் பக்கத்து வேலை, அலையை எண்ணாக்குவது. அதற்கும் பெரிய சாமான் வேண்டாம். கசெட்டின் ஒலி 60 டெசிபலைத் தாண்டுவது அரிது, ஆகவே 16 பிட் தாராளம். நல்ல நிலையிலுள்ள ஒரு கசெட் பிளேயர், ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் அல்ககோல், மைக் அல்லது லைன் துளையுள்ள ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட், ஒரு லெப்டொப். எம்.பி.3 ஆக அல்ல, வேவ் கோப்பாகச் சேமித்து இரண்டு இடத்தில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த கசெட்டை உடனே ஓடவிடாதீர்கள், நாடா அறுந்துவிடும். தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.

இலட்ச ரூபாய் டாக்குக்கு ஒதுக்கிய காசில் நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி, ஒரு கம்பளம், ஒரு மலிவு டாக், இந்தக் கசெட் சாமான் எல்லாம் வாங்கியும் மிச்சம் வரும். லீவில் நிற்கும் தம்பிமார் யாராவது ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால், காசு சுண்டும் சோதனையையும் கசெட் வேலையையும் ஒரே நாளில் செய்யலாம். மல்டிமீட்டர் எங்களிடம் இருக்கிறது. கசெட்டைக் கொண்டுவாருங்கள்.