உண்ணி நாயில மட்டும் இல்ல, சுவத்துலயும் இருக்கு

உண்ணிக்கு இயற்கை வைத்தியம் சொல்லும் வீடியோக்கள் வாட்ஸ்அப் குரூப்களில் மாசத்துக்கு ஒண்ணாவது வந்துடும். வேப்பெண்ணெய் தடவு, பூண்டைத் தின்னக் கொடு, மண்ணெண்ணெய் ஊத்து, தேசிக்காய்ப் புளி தேய். மீரியபெத்த, கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் நம்ம ஆட்கள் இதை ஃபோர்வர்ட் பண்றாங்க. காசு இல்லாத இடத்துல கைவைத்தியம் தேடுறது தப்பே இல்ல. ஆனா இதில் சிலது உதவும், சிலது சும்மா, சிலது நாயையே கொன்னுடும். எல்லாத்தையும் "இயற்கை" என்ற ஒரே பைக்குள் போடுறதுதான் பிரச்சினை.

முதல்ல உண்ணியைத் தெரிஞ்சுக்குவோம். உண்ணி பறக்காது, பாயாது. புல் நுனியில் ஏறி முன்னங்காலை நீட்டிக் காத்திருக்கும். மூச்சுக்காத்தும் உடம்புச் சூடும் பக்கத்துல வந்தா தொத்திக்கும். காட்டுப்பன்றி வர்ற, கவ்வாத்தும் புல்லுவெட்டும் நின்னுபோன மலைகள் அதுக்கு நல்ல இடம். கொழுந்து எடுக்கிறவங்க இடுப்பு உயரச் செடிக்குள்ள நாள் முழுக்க உரசிக்கிட்டே நடக்கிறாங்க. இதைவிட வாய்ப்பான தொழில் உண்ணிக்குக் கிடைக்குமா?

அட்டைக்கு வேலை செய்றது உண்ணிக்கும் செய்யும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அட்டைக்கு ஈரமான மெல்லிய உடம்பு. உப்பும் சவர்க்காரமும் சுண்ணாம்பும் பட்டா சுருண்டு விழுந்துடும். உண்ணிக்குத் தடித்த தோல். காலில் பூசின சவர்க்காரத்தைத் தாண்டிக்கூட அது ஏறிடும்.

மனுசருக்கு எது உதவும்?

மானாப்புல் நம்ம பதனைகளில் தானா வளர்ந்து கிடக்கு. சித்திரநெல்லா எண்ணெய் எடுக்கும் புல்லுக்கு அது சொந்தக்காரன். அந்த எண்ணெயின் வாசம் பூச்சியை விரட்டும், உண்மை. ஆனா ஆவியாகிப் போயிடும். ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல நம்ப முடியாது. மலையில வேலை எட்டு மணி நேரம்.

எலுமிச்சை வாசம் வரும் யூக்கலிப்டஸ் வகை ஒண்ணு இருக்கு. அதில் இருந்து பிஎம்டி என்ற பொருளைச் சுத்திகரிச்சு எடுத்த மருந்தை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே சிபாரிசு செய்யுது, மூணு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம் என்று. அதுக்காக லயத்துக்குப் பின்னால நிக்கிற டர்பன்டைன் மரத்து இலையைக் கசக்கிப் பூசினா அதே பலன் வராது. சுத்திகரிச்ச மருந்து வேற, பச்சை இலை வேற.

செலவே இல்லாம உதவுறது உடம்பைத் தேடிப் பார்க்கிறதுதான். வேலை விட்டு வந்ததும் மலைக்குப் போட்ட உடுப்பையும் படங்கையும் காம்பராவுக்குள்ள கொண்டுபோகாம இஸ்தோப்பிலேயே கழட்டுங்க. பச்சைத்தண்ணியில துவைச்சா உண்ணி சாகாது. கொதிதண்ணியில போடணும், இல்ல நல்ல வெயில்ல காயவைக்கணும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்க.

கடிச்சிருந்தா டுவீசரால தோலோட ஒட்டிப் பிடிச்சு, திருகாம, நேரா மேல இழுங்க. கடிவாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சூடு பட்ட உண்ணி வயித்தில இருக்கிறதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிடலாம். நகத்துல நசுக்குற பழக்கத்தையும் விட்டுடுங்க. அதன் ரத்தத்தில் கிருமி இருக்கலாம். காதுக்குள்ள போனா குச்சியால குத்தாம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நாய்க்கும் பூனைக்கும்?

பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய், பூனை ரெண்டுக்குமே நஞ்சு. நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் மருந்தை பூனைக்கு விட்டா பூனை செத்துப்போகலாம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் கரைச்சு நாய்மேல ஊத்துறது எல்லாத்தையும்விட மோசம். நாயும் சாகலாம், அதைத் தடவுற பிள்ளைக்கும் விஷம் ஏறும். வேப்பிலை அவிச்ச தண்ணியில குளிப்பாட்டுறது ஓரளவு பரவாயில்ல. அதுக்குப் பிறகும் சீப்பும் கையும் போட்டு, காது மடல், விரலிடுக்கு, வாலடி எல்லாம் தேடித்தான் ஆகணும். நாய் சோர்ந்து, ஈறு வெளிறி, மூத்திரம் கடும் நிறமாப் போனா அது உண்ணி பரப்புற ரத்த நோயா இருக்கலாம். அதுக்கு மிருக வைத்தியர்தான் வேணும், இலை இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். வீட்டு நாயில நாம அதிகம் பார்க்கிற பழுப்பு உண்ணி, வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல கழிக்கிறதே இல்ல. குஞ்சு, இளசு, முழு உண்ணி என்று மூணு பருவத்திலும் ஒவ்வொரு தடவை ரத்தம் குடிச்சிட்டு, கீழ விழுந்து ஒளிஞ்சுக்கும். சுவர் வெடிப்பு, தரைப் பிளவு, கதவு நிலை, நாய் படுக்கிற சாக்கு, இதுகள்தான் அதன் வீடு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தீனி இல்லாம மாசக்கணக்கா உயிரோட இருக்கும். அதனால நாய்க்கு மட்டும் எண்ணெய் தடவுறவங்க கொஞ்ச உண்ணியைத்தான் தொடுறாங்க. மிச்சமெல்லாம் சுவத்துக்குள்ள இருக்கு.

சாக்கைக் கொதிதண்ணியில போடலாம், முற்றத்துப் புல்லை வெட்டலாம், வெடிப்பைச் சீமெந்தால அடைக்கலாம். ஆனா வெள்ளைக்காரன் காலத்து லயத்தில எத்தனை வெடிப்பைத்தான் அடைக்கிறது? பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவுல இருக்கிறது ஒரே சுவர். நான் அடைச்சா அங்க போகும், அவங்க அடைச்சா இங்க வரும். பல இடங்களில் அந்தச் சுவரும் நிலமும் குடியிருக்கிறவங்க பேர்லயே இல்ல.

மீரியபெத்தயில 2014 ஒக்டோபர் 29 காலையில மலை சரிஞ்சு லயங்கள் மண்ணுக்குள்ள போச்சு. அந்த இடம் ஆபத்து என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை வந்திருந்தது. தப்பினவங்க பூனாகலைப் பக்கம் தொழிற்சாலைக் கட்டடத்தில் காத்திருந்து, 2016ல்தான் 75 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்தப் பெரிய சாவோட உண்ணிக்கடியை ஒப்பிட நான் வரல. ஆனா ரெண்டிலும் கேள்வி ஒண்ணுதான்: எங்கே, எப்படிப்பட்ட கூரைக்குக் கீழ நம்மைக் குடியிருக்க வைக்கிறாங்க? தனி வீடும் காணியுறுதியும் கேட்கிறப்போ அதில் சுகாதாரமும் அடங்கியிருக்கு. மருந்துக்கு முதல்ல வேணும் வெடிப்பில்லாத சுவர்.

காய்ச்சலை மறந்துடக் கூடாது. இலங்கையின் மலைநாட்டில் உண்ணி பரப்பும் புள்ளிக் காய்ச்சல் இருக்கிறதை நம்ம நாட்டு வைத்தியர்களே பல வருஷமா பதிஞ்சு வர்றாங்க. கடிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள கடும் காய்ச்சல், தலையிடி, மூட்டு வலி, பிறகு உள்ளங்கை, உள்ளங்கால்ல கூட புள்ளி. ஆரம்பத்தில் டெங்கு மாதிரியும் வைரஸ் காய்ச்சல் மாதிரியும் தெரியும். பிடிபட்டா டொக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து பெரும்பாலும் ரெண்டு மூணு நாளில் காய்ச்சலை இறக்கிடும். பிந்தினா உயிருக்கே ஆபத்து. ஃபார்மசியில் நீங்களா வாங்கிக் குடிக்காதீங்க. ஆனா டொக்டரிடம் ஒரு வசனம் கட்டாயம் சொல்லுங்க: "நான் மலையில வேலை செய்றேன், உண்ணி கடிச்சிருக்கலாம்." தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் தந்து அனுப்பினா, காய்ச்சல் விடாத பட்சத்தில் அதோட நிக்காம அரச ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கர்நாடகாவின் ஷிமோகாப் பக்கம் 1957ல் கியாசனூர் காட்டில் உண்ணியால பரவும் குரங்குக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்க காட்டோரக் கிராமங்களுக்கு உண்ணி விரட்டும் எண்ணெயை அரசாங்கமே விநியோகிக்குது. அதாவது உண்ணிக்கடி தனி ஆளோட துரதிர்ஷ்டம் இல்ல, வேலையும் இடமும் தர்ற ஆபத்து என்று அங்க ஒத்துக்கிட்டாங்க. நம்ம மலைகளில் கொழுந்துக்கூடையோட சேர்த்து அப்படி ஒரு போத்தலைத் தரச் சொல்லி எந்தச் சங்கமாவது கேட்டா, அது நியாயமான கேள்வி.

வேப்பிலை அவிக்கிறவங்க அவிக்கட்டும், மானாப்புல் கசக்கிறவங்க கசக்கட்டும். அந்த வீடியோவை அடுத்த தடவை ஃபோர்வர்ட் பண்ணும்போது பூண்டையும் மண்ணெண்ணெயையும் வெட்டிட்டு, காய்ச்சல் வந்தா டொக்டர்கிட்ட சொல்ல வேண்டிய அந்த ஒரு வசனத்தைச் சேர்த்து அனுப்புங்க.